வாலாஜாபாத் கல்யாணத்துக்கு வருவோர் கவனத்துக்கு

வெளியூர்க் கல்யாணம் மணமக்களுக்கு ஒரு நாள் விசேஷம். விருந்தினருக்கு மூன்று நாள் வேலை. போவதற்கு ஒரு நாள், இருப்பதற்கு ஒரு நாள், போய்வந்த அலுப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நாள். இதற்கு இப்போது ‘டெஸ்டினேஷன் வெட்டிங்’ என்று பெயர் சூட்டி, கிரேக்க நாட்டுத் தீவுகளில் நடத்துகிறார்கள். ஏஜியன் கடலில் உள்ள சாண்டோரினி இதற்குப் பேர்போனது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து அந்தத் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருக்கும் செங்குத்தான விளிம்பில் வெள்ளையடித்த வீடுகளைக் கட்டி, அங்கே நின்று கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

தமிழருக்கு இது புதிது அல்ல. பெண் வீட்டில்தான் கல்யாணம் என்பது பல குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கில் மாப்பிள்ளை வீட்டார் தலைமுறை தலைமுறையாக டெஸ்டினேஷன் விருந்தினரே. அப்போது ஊரைத் தேர்ந்தெடுத்தவர் பெண்ணின் தகப்பனார்; சூரியன் எங்கே அழகாக மறைகிறது என்று அவர் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத் அத்தகைய ஊர்களில் ஒன்று. ஒரு பேரூராட்சி, ஒரு ரயில் நிலையம், சுற்றுவட்டாரத்தில் தறி ஓடும் கிராமங்கள், இடையிடையே கல்யாண மண்டபங்கள். இங்கே கல்யாணத்துக்கு வருவோர் அறிய வேண்டியவை கீழே வரிசையாகத் தரப்படுகின்றன. கிரேக்கத் தீவுக்குப் போகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஊரைக் கண்டுபிடித்தல்

முதல் வேலை, சரியான வாலாஜாவுக்குப் போய்ச் சேர்வது. 1749 முதல் 1795 வரை ஆற்காட்டு நவாபாக இருந்த முகமது அலியின் பட்டப்பெயர் வாலாஜா. அவர் விட்டுச்சென்றவை இரண்டு: கடனும் பெயரும். கடனைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நீண்டதொரு உரை நிகழ்த்தினார். பெயரைப் பற்றி யாரும் பேசாததால், அந்தத் தொல்லை கல்யாண விருந்தினர் தலையில் விழுந்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத். ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டை. அதன் அருகே ‘வாலாஜா ரோடு’ என்றொரு ரயில் நிலையம். சென்னையில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துப் பக்கம் வாலாஜா சாலை. திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசல்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோட்டுக்குத்தான் போனது. ஆகவே, தவறான வாலாஜாவில் போய் இறங்கும் வசதி 1856-லிருந்தே உண்டு. இந்தத் தவற்றின் ஆபத்து என்னவென்றால், அது உடனே தெரியாது. முகூர்த்த நாளில் வாலாஜாபேட்டையிலும் கல்யாணம் நடக்கும். வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள், டிபன் சாப்பிட்டாயிற்றா என்று அன்போடு விசாரிப்பார்கள். இரண்டாவது வடைக்குப் பிறகு மேடையை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் மாப்பிள்ளையின் முகம் பிடிபடாது. அதற்குள் மொய் எழுதியிருந்தால் திரும்ப வாங்க வழியில்லை. பத்திரிகையில் உள்ள மாவட்டத்தின் பெயரைப் படித்துவிட்டு வண்டி ஏறுவதே இதற்கு ஒரே தடுப்பு மருந்து.

சாண்டோரினிக்கும் இதே கோளாறு இருக்கிறது. அதன் அதிகாரபூர்வப் பெயர் தீரா. கப்பல் அட்டவணையில் சாண்டோரினியைத் தேடிக் களைத்துப்போகிறவர்களின் கண்ணெதிரே தீரா நின்றுகொண்டிருக்கும்.

நாளும் நேரமும்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியைப் பல குடும்பங்கள் ஒதுக்கிவிடும். மிச்ச மாதங்களில் அஷ்டமி, நவமி, செவ்வாய், சனி எல்லாம் கழித்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு நாட்கள் தேறும். அவையும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தேவலை என்று அலுவலகம் போகிறவர்கள் நினைப்பார்கள். எனவே ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குக் காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு என்று மூன்று ஊர்ப் பத்திரிகைகள் ஒரே விருந்தினருக்கு வந்து சேரும். மூன்று ஊரும் ஒரே ரயில் பாதையில் இருப்பது அவர் செய்த புண்ணியம். காஞ்சிபுரத்தில் முதல் நாள் மாலை வரவேற்பு, வாலாஜாபாத்தில் விடிகாலைத் தாலி, செங்கல்பட்டில் மதியச் சாப்பாடு என்று பிரித்துக்கொள்வது அனுபவசாலிகளின் முறை. மூன்று இடத்திலும் ஒரே சட்டையில் போட்டோவுக்கு நிற்கக் கூடாது. பொதுவான உறவினர் யாராவது மூன்று ஆல்பத்தையும் பார்ப்பார்.

கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். மணப்பெண்ணின் முகத்திரை பறக்கும். காற்று மிஞ்சினால் கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றுவிடும். வெள்ளைக்காரர்கள் இதைப் பெரிய இடைஞ்சலாகச் சொல்வார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை இங்கே ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் வைத்துவிட்டுக் காற்றைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கிரேக்கர்களிலும் லீப் ஆண்டில் கல்யாணம் ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பஞ்சாங்கம் இல்லாத ஊரிலும் பெரியப்பா இருக்கிறார் என்பதற்கு இது சான்று.

பத்திரிகையில் முகூர்த்தம் காலை 4.30 முதல் 6 வரை என்று இருந்தால், அது அதிகாலை 4.30 என்றே கொள்ள வேண்டும். வரவேற்பு மாலை 6.30 என்று இருந்தால், அது 8 மணி. ஒரே பத்திரிகையில் அச்சான இரண்டு நேரங்களில் ஒன்று நிஜம், மற்றது மரியாதை. அதிகாலை முகூர்த்தத்தைப் புரோகிதர் நடத்துகிறார். வரவேற்பை அழகுநிலையம் நடத்துகிறது. வேறுபாட்டுக்குக் காரணம் இவ்வளவுதான்.

சுயமரியாதைத் திருமணமாக இருந்தால் கணக்கு மாறும். காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணா முதலமைச்சரானதும், 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இத்திருமணங்களைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. மந்திரம் வேண்டாம், ஹோமம் வேண்டாம், புரோகிதர் வேண்டாம் என்று சொன்ன அந்தச் சட்டம் வாழ்த்துரைக்குக் கால வரம்பு எதையும் விதிக்கவில்லை. மேடையில் எத்தனை நாற்காலி என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கேற்றபடி முன்கூட்டியே சாப்பிட்டுக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்தல்

சென்னையிலிருந்து வாலாஜாபாத் சுமார் 60 கிலோமீட்டர். சாலை வழியாகப் போகிறவர்கள் வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியே போவார்கள். ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலைகள் இருப்பதால், கன்டெய்னர் லாரிகளும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்களும் சாலையைப் பங்குபோட்டுக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட விருந்தினர் பட்டுச் சட்டையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் போகும் லாரியில் எட்டுப் புதிய கார்கள் சவாரி செய்துகொண்டிருக்கும்.

ரயிலில் போகிறவர்கள் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கம் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். செங்கல்பட்டு வரைக்கும் போகும் வண்டிகள் ஏராளம்; அதைத் தாண்டிப் போகும் வண்டிகள் குறைவு. செங்கல்பட்டோடு நின்றுவிடும் வண்டியில் ஏறியவர் அங்கிருந்து பஸ்ஸில்தான் வருவார். மண்டபத்துக்குள் நுழையும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டு பஸ் தனியாக ஆராய வேண்டியது. அது மதியம் 2 மணிக்குக் கிளம்பும் என்று அறிவிக்கப்படும். 2 மணிக்கு டிரைவர் வருவார். 2.30-க்குக் குழந்தைகள் ஏறி ஜன்னலோரத்தைப் பிடிக்கும். 3 மணிக்குச் சீர்வரிசைப் பாத்திரங்கள் ஏறும். 3.30-க்கு ஒரு சித்தி, வீட்டைப் பூட்டினோமா என்று பார்த்துவர இறங்குவார். 4 மணிக்கு முன்சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படும். பழம் நசுங்கும் நேரமே உண்மையான கிளம்பும் நேரம். வாசலில் கட்டிய வாழைக்கன்றோடும் உள்ளே அலறும் பாட்டோடும் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும், தாலி யார் பையில் இருக்கிறது என்று ஒருவர் கேட்பார். தாலி எப்போதும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அதைக் கேட்காமல் எந்த பஸ்ஸும் போனது கிடையாது.

வழியில் தாமதமாவது பற்றிக் கவலைப்படுவோர் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளை நினைத்து ஆறுதல் அடையலாம். ஒவ்வோர் ஆண்டும் மாட்டுப் பொங்கல் அன்று அவர் பார்வேட்டைக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் பக்கமாக இருபது கிலோமீட்டருக்கும் மேல் பயணப்பட்டு, பழையசீவரத்துக்கு வருகிறார். வழி நெடுகக் கிராமங்களில் நின்று மரியாதை பெற்றுக்கொண்டு வருவதால் பயணம் நிதானமானது. பிறகு ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலுக்குப் போகிறார். பக்கத்து ஊர்ப் பெருமாள்களும் அங்கே வந்து சேர்கிறார்கள். வெளியூர் விருந்தினருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. பல்லக்குத் தூக்குவோர் உட்பட எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்; விழா முடிந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள்; யாரும் ரூம் கேட்பதில்லை. ஒரே வேறுபாடு, பெருமாள் வராமல் அங்கே எதுவும் தொடங்காது. சாதாரண விருந்தினருக்கு இந்தச் சலுகை இல்லை. இவர் வந்தாலும் வராவிட்டாலும் கெட்டிமேளம் கொட்டிவிடும்.

பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணத்துக்குத் தென்கரையிலிருந்து வருவோர் ஆற்றை விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்தில் வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் இடையிலான தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் பாய்ந்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று வருஷம் முழுவதும் வருத்தப்படுகிறவர்கள், தண்ணீர் வரும் நாளில் கல்யாணம் வைக்காமல் இருப்பது நல்லது.

கிரேக்கத் தீவுக்குப் போக ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்து, வங்கிக் கணக்கைக் காட்டி, தங்கப்போகும் இடத்தைச் சொல்லி, கட்டாயம் திரும்பி வருவேன் என்று நம்பவைக்க வேண்டும். வாலாஜாபாத்துக்கு விசா கிடையாது. ஆனால் மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அத்தை ஒருவர், “நீ யாரு புள்ள?” என்று தொடங்குவார். தகப்பன் பெயர், தாத்தா பெயர், பார்க்கும் வேலை, வாங்கும் சம்பளம், இன்னும் கல்யாணம் ஆகாததற்கான காரணம் ஆகியவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்த பிறகே உள்ளே விடுவார். தூதரகத்தில் கேட்கும் கேள்விகள் இதில் பாதிகூட இராது.

தங்குதல்

கல்யாண மண்டபத்தில் குளிர்சாதன அறைகள் இரண்டு இருக்கும். ஒன்றின் கதவில் மணமகன் அறை என்றும், மற்றதன் கதவில் மணமகள் அறை என்றும் எழுதியிருக்கும். மற்ற அறைகளின் கதவில் எதுவும் எழுதியிருக்காது. அவற்றுள் ஒன்றில் காய்கறி இருக்கும், மற்றவற்றில் மாப்பிள்ளையின் நண்பர்கள் இருப்பார்கள். மிச்சப்பேருக்கு ஹால். அங்கே ஜமக்காளம் விரிக்கப்படும். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடம் இரவு 9 மணிக்கே நிரம்பிவிடும். 11 மணிக்குப் பிறகு மின்விசிறிக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவே பந்தல்காரர் ஏணி போட்டு மணவறைக்குப் பூ கட்டுவார்.

செல்போன் சார்ஜ் போட ஹாலில் இரண்டு பிளக் இருந்தால் அதிகம். ஒன்றில் மைக்செட், மற்றதில் ஏற்கெனவே நான்கு போன். குளியலுக்கு 3 மணிக்கே எழுந்தவருக்கு வெந்நீர். 4 மணிக்கு எழுந்தவருக்குத் தண்ணீர். 5 மணிக்கு எழுந்தவருக்குப் பக்கெட். நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பவர்கள் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காஞ்சிபுரத்தில் லாட்ஜ் எடுத்துக்கொள்வார்கள். நிம்மதியாகத் தூங்கியும்விடுவார்கள். அவர்கள் பல் தேய்க்கும்போது இங்கே தாலி கட்டி முடிந்திருக்கும்.

உடுத்துதல்

ஆடை விதியை அறிவிக்கும் பழக்கம் இப்போது பத்திரிகைகளிலும் வந்துவிட்டது: மெகந்திக்குப் பச்சை, ஹல்திக்கு மஞ்சள். வாலாஜாபாத் இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உள்ள ஊர். கம்பெனிக் காலத்தில் இது ராணுவப் பாசறை. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கிய உத்தரவால் 1806 ஜூலை 10 அன்று வேலூரில் கிளர்ச்சி வெடித்தது. வாலாஜாபாத் பாசறையிலும் அதே தலைப்பாகை பற்றிக் கசப்பு எழுந்தது. மஞ்சள் நிறத்தில் சட்டை இல்லாத மாமாவுக்கு ஆடை விதியை அனுப்புவோர் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

பட்டு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்கள் நெசவாளர் ஊர்கள். சென்னையில் எந்த மினுமினுப்பான சேலையும் காஞ்சிப் பட்டாகச் செல்லுபடியாகும். இங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, நாற்பது வருஷம் பாவு பிணைத்தவராக இருக்கலாம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறவர் நல்ல ஊசியாகவாவது எடுத்துப்போக வேண்டும்.

அசல் காஞ்சிப் பட்டின் அடையாளம் கோர்வை. உடலையும் கரையையும் வேறுவேறு நிறத்தில் தனித்தனி நாடாவால் நெய்து, இரண்டின் இழைகளையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துவிடுவது இதன் முறை. மூன்று நாடா ஓடுவதால் நெசவாளருக்குத் துணையாகத் தறியில் இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தானை வேறு நிறமாக இருந்தால், உடலின் பாவு இழைகளோடு முந்தானையின் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். இதற்குப் பிட்னி என்று பெயர். பிட்னி போட்ட சேலையில் உடலும் முந்தானையும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தால் அசல் பட்டு முடி கருகுவது போல நாறும் என்பதும் உண்மையே. ஆனால் இந்தச் சோதனையைச் சம்பந்தியம்மாள் கட்டியிருக்கும் சேலையில் செய்து பார்க்கக் கூடாது.

கிரேக்கத் தீவில் பெண்கள் குதிகால் உயர்ந்த செருப்பைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. தெருவெல்லாம் கல் பாவியது, ஊரெல்லாம் படி. சாண்டோரினியின் பழைய துறையிலிருந்து மேலே உள்ள ஊருக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஏற முடியாதவர்களுக்குக் கழுதை உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கும் ஐந்நூற்றுக்கும் மேல் படிகள். கழுதை கிடையாது. வாலாஜாபாத் மண்டபத்தில் படிகள் குறைவு. செருப்புக்கு வேறு ஆபத்து. அதைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம்.

சடங்கும் மொய்யும்

தாலி கட்டும் நேரத்தில் விருந்தினர் பார்ப்பது வீடியோ எடுப்பவரின் முதுகு. அந்த முதுகுக்கு அப்பால் தாலி கட்டப்படுகிறது என்று நம்பி, கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையைப் போட வேண்டும். பின்வரிசையிலிருந்து வீசும் அரிசி மணமக்களை எட்டாது. நடுவரிசையில் இருக்கும் வழுக்கைத் தலைகளோடு நின்றுவிடும். அந்தப் பெரியவர்களுக்கு ஒரு முகூர்த்த நாளில் கிடைக்கும் ஆசீர்வாதம் மணமக்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம்.

கிரேக்கத் தேவாலயக் கல்யாணத்தில் ஸ்டெஃபனா எனப்படும் இரண்டு மலர்க் கிரீடங்களை ஒரு நாடாவால் இணைத்து, மணமக்கள் தலையில் மூன்று முறை மாற்றி வைப்பார்கள். இங்கே மாலையை மூன்று முறை மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே விருந்தினருக்குச் சர்க்கரைப் பூச்சுள்ள பாதாம் பருப்பைச் சிறு பையில் போட்டுக் கொடுப்பார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒற்றைப்படையை இரண்டாகப் பிரிக்க முடியாது. இங்கே மொய் 101, 501, 1001 என்று ஒற்றைப்படையிலேயே வைக்கப்படுகிறது. பாதாம் விஷயத்தில் தத்துவம் தெளிவு. மொய் விஷயத்தில் நூறோடு நிறுத்தாமல் ஒரு ரூபாய் சேர்ப்பதற்குக் காரணம் பல சொல்வார்கள். அந்த ஒரு ரூபாய் நாணயத்துக்காக மொய்க் கவர் வாங்கும் கடையில் விருந்தினர் கால்மணி நேரம் நிற்பது மட்டும் நிச்சயம். நாணயம் ஒட்டியே வரும் கவர் கண்டுபிடிக்கப்பட்டது இந்த நூற்றாண்டின் நல்ல காரியங்களில் ஒன்று.

மொய்த் தொகையைப் பாசம் முடிவு செய்வதில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய நோட்டு முடிவு செய்கிறது. அவர்கள் எவ்வளவு வைத்தார்கள், எந்த ஆண்டு வைத்தார்கள், அன்று தங்கம் என்ன விலை என்ற மூன்றையும் பார்த்து, குறையாமல் வைக்க வேண்டும். சுவர்க்கடிகாரம் அன்பளிப்பாகத் தருவோர் இன்னும் உண்டு. ஒரே வீட்டில் பதினோரு கடிகாரம் சேர்ந்துவிட்டால் அடுத்தடுத்த கல்யாணங்களில் அவை பெயர்மாறி வெளிவரும். தான் கொடுத்த கடிகாரமே தன் மகள் கல்யாணத்தில் திரும்பி வருவதைப் பார்க்கும் விருந்தினர், அதன் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பந்தி

பந்திக்கு முந்து என்ற பழமொழி, இடம் பிடிக்கும் முறையைச் சொல்லவில்லை. வாலாஜாபாத்தில் அது பின்வருமாறு. சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் ரசத்துக்கு வந்திருந்தால் நல்ல இடம். சாம்பாரில் இருந்தால் வேறு ஆளைத் தேட வேண்டும். பாயசம் வாங்கி அப்பளத்தை நொறுக்குபவர் கிடைத்துவிட்டால், அவரது நாற்காலியின் முதுகில் கைக்குட்டையைப் போட்டுவிடலாம். நிற்பவரின் மூச்சு தன் கழுத்தில் படும்போதும் நிதானமாக மோர் குடிக்கிறவர்கள் பழைய ஆட்கள். அவர்களை அசைக்க முடியாது.

முதல் நாள் இரவு ரூமாலி ரொட்டி, பனீர், காலிஃப்ளவர் 65 என்று வடநாடும் சீனாவும் இலையில் இருக்கும். காலையில் கேசரி, பொங்கல், வடையோடு தமிழ்நாடு திரும்பிவிடும். காஞ்சிபுரம் இட்லி என்று தட்டில் வரும் வட்ட இட்லியைக் கண்டு ஏமாறக் கூடாது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்காக வேகவைக்கும் கோயில் இட்லி, உருளையாக, வெட்டிச் சாப்பிடும்படி இருக்கும். வரதராஜப் பெருமாள் கோயிலின் நைவேத்தியம் அது. சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடித்தால் உறவு வேண்டாம் என்று பொருள்படும். இதனால் முறிந்த உறவுகளைவிட, இதைச் சொல்லிக் காட்டியதால் முறிந்தவை அதிகம்.

அளவு மீறியவர்களுக்கு ஒரு செய்தி. வாலாஜாபாத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை இயங்கியதை அது சொல்கிறது. மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவருபவர்கள், தாதியர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. மருந்துகளின் பட்டியலில் கடுக்காய் சேர்ந்தவை பல. கடுக்காய் எதற்கு என்று வயிறு புடைத்த எந்த விருந்தினருக்கும் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனை மூடி நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால், இப்போது பீடாவும் சோடாவுமே கதி.

சுற்றிப் பார்த்தல்

முகூர்த்தம் விடிகாலையில் முடிந்துவிட்டால் நாள் முழுவதும் மிச்சம். விருந்தினர் எல்லாரும் காஞ்சிபுரம் போவார்கள். எட்டாம் நூற்றாண்டில் இராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்கள் பார்க்க வேண்டியவை. கூட்டம் இராது என்பதே அதன் சிறப்பு. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்தது. வரதராஜர் கோயிலில் பல்லி தொட வரிசை நீளம். அத்திவரதரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2019-இல் 48 நாட்கள் தரிசனம் தந்துவிட்டு அவர் குளத்துக்குள் போய்விட்டார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது 2059. இப்போது கல்யாணமாகும் தம்பதியின் பிள்ளைகளுக்கு அந்தச் சமயத்தில் வாலாஜாபாத்திலேயே கல்யாணம் வைத்தால் இரண்டு வேலையும் ஒரே பயணத்தில் முடியும்.

கோயில் பார்க்கலாம் என்று கிளம்பும் ஆறு பேரில் நான்கு பேர் பட்டுக் கடையில் தங்கிவிடுவார்கள். மீதி இருவர் கடைக்கு வெளியே பைகளுக்குக் காவல் இருப்பார்கள். கைலாசநாதர் கோயிலில் கூட்டம் இல்லாததற்குக் காரணம் இதுவே. வாங்குகிறவர்கள் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் விலையைக் கேட்டுவிட்டு மற்ற கடைகளுக்குப் போவது நல்லது. கடைத்தெருவில் வழி சொல்லத் தானாக முன்வருகிறவர், தனக்கு லாபமுள்ள கடையின் வாசலுக்கே வழி சொல்வார்.

திரும்புதல்

கிளம்பும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது செருப்பு. கிரேக்கக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் செருப்பு அடியில் கல்யாணமாகாத தோழிகளின் பெயர்களை எழுதிவைப்பார்கள். யார் பெயர் தேய்ந்து அழிகிறதோ அவருக்கு அடுத்துக் கல்யாணம். மண்டப வாசலில் செருப்பை விடுகிற விருந்தினரும் அடியில் பெயர் எழுதிவைக்கலாம். அழிந்தால் கல்யாணம் வராது என்றாலும், அழியாவிட்டால் செருப்பு திரும்ப வரக்கூடும். புதுச் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டுப் பழையதைப் போட்டுவருகிறவர்கள் ஏற்கெனவே ஒரு ஜோடியை இழந்தவர்கள்.

இரண்டாவது தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை, பாக்கு இருக்கும். ஓடும் பஸ்ஸில் மேல் தட்டில் வைத்த தேங்காய், அடுத்த பிரேக்கில் கீழே இருப்பவர் தலையில் இறங்கும். மடியில் வைத்துக்கொள்வதே முறை. ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் ஐந்து பை வாங்கியிருந்தால், வீட்டில் அடுத்த ஒரு வாரத்துக்குத் தேங்காய்ச் சாதம்.

மூன்றாவது, சொல்லிக்கொண்டு கிளம்புவது. வந்ததை மணமக்கள் மட்டும் பார்த்தால் போதாது. அன்றைய தினம் அவர்களுக்கு யார் முகமும் நினைவில் நிற்காது. பெண்ணின் தகப்பனார் கையைப் பிடித்து, கல்யாணம் ஜோராக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டு இரவு தூங்காத அவர் முகத்தில் அப்போது தோன்றும் சிரிப்புக்காகவே வாலாஜாபாத் வரைக்கும் வரலாம். தவறான வாலாஜா வழியாகச் சுற்றிக்கொண்டும் வரலாம்.

பிறகு மண்டபத்தைக் காலி செய்து, பாத்திரங்களை எண்ணி, அந்த வீட்டார் மொய் நோட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்ப்பார்கள். அதில் மூன்று பத்திகளே உண்டு: ஊர், பெயர், தொகை. வந்த வழிக்கும் பட்ட சிரமத்துக்கும் அதில் பத்தி கிடையாது.